மண் எங்கிருந்து வந்தது?

(கொல்லிமலை செம்மேட்டில், மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை மலையடிவாரத்துக் காரவள்ளியில் பேருந்து ஏறும்போது என் மடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "உள்ளே என்னப்பா, முட்டையா?" என்று கேட்டார். "ஒரு சிப்பாய் இருக்கிறார் அம்மா" என்றேன். அந்தச் சிப்பாய்தான் இப்போது இந்த மேசைமேல் இருக்கிறார். எழுந்து நின்றால் உயரம் பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நிஜ மனிதரை 16 பங்காக்கி ஒரு பங்கை மட்டும் எடுத்த அளவு. பதுங்குகுழிக்குள் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறார். துப்பாக்கி முழங்கால்களுக்கு நடுவே நிற்கிறது. கோட்டு முழுக்கச் சேறு.

இந்தச் சேற்றைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

போர்வீரனின் உருவத்தைச் செய்து வைப்பது வெளிநாட்டுப் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். விழுந்த வீரனைக் கல் நட்டு நினைப்பது நம்மிடம் ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கு நடுகல் நட்ட சமூகம் நாம். கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வாழ்த்துவது வரை அதற்கு ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த நடுகற்களில் தமிழி என்னும் பழைய எழுத்து இருக்கிறது. தொல்லியல் துறை 1972இல் செங்கம் பகுதி நடுகற்களைத் தனி நூலாகவே வெளியிட்டது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று உண்டு. அதில் வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்தது என்றும் கல்லில் பொறித்திருக்கிறார்கள்.

பிள்ளைகளே, அந்தச் சிற்பியை நினைத்துப் பாருங்கள். ஒரு நாயின் பெயர்கூட விட்டுப்போகக் கூடாது என்று நினைத்தவர் அவர். விழுந்தவன் யார், எந்த ஊர், யாருக்காக நின்றான், கூட நின்றது எது என்று கேட்டுக் கேட்டுச் செதுக்கியிருக்கிறார். என் கையில் இருக்கும் இந்தச் சிறு உருவமும் அப்படிக் கேட்டுக் கேட்டுச் செய்யப்பட வேண்டியதுதான் என்பது என் நம்பிக்கை. இதை நான் உள்ளங்கை நடுகல் என்று சொல்லிக்கொள்வேன்.

முதலில் காட்சி. யாரைச் செய்யப் போகிறோம்?

இவர் 39ஆம் கட்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர். 1914 செப்டம்பர் கடைசியில் இந்தியப் படைகள் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. அதன் பின் வந்த முதல் குளிர்காலத்தில் இவர்கள் போர்முனையில் இருந்தார்கள். இமயமலைச் சரிவில் அடுக்கு வயல் உழுத குடும்பங்களின் பிள்ளைகள். அவர்கள் ஊரில் 'மண்டுவா' என்று சொல்லும் தானியம் வேறொன்றுமில்லை, உங்கள் கொல்லைகளில் விளையும் கேழ்வரகுதான். மலைக்காரர்கள். சரிவிலேயே நடந்து பழகிய கால்கள். அந்தக் கால்கள்தான் மேடு பள்ளமே இல்லாத பிரெஞ்சு வயல்வெளியில், முழங்கால் அளவு குளிர்ந்த சேற்றில் நின்றன.

அவர்கள் அணிந்தது காக்கி. காக்கி என்ற சொல்லுக்கே மண் நிறம், தூசி நிறம் என்றுதான் பொருள். பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்து, அங்கிருந்து உலகம் முழுக்கப் போன சொல். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சுற்றியிருக்கும் துணிப் பட்டியின் ஆங்கிலப் பெயரும் நம் நாட்டுப் 'பட்டி'யிலிருந்து போனதே. தலையில் அகன்ற விளிம்புள்ள கம்பளித் தொப்பி. 1915 ஆகஸ்டில் கட்வால் படையினர் பிரான்சில் சாலையில் நடந்துபோகும் புகைப்படங்களைக் கர்ட்வுட் என்பவர் எடுத்திருக்கிறார். அந்தத் தொப்பியின் விளிம்பு எப்படி வளைந்து தொங்குகிறது என்பதை அவற்றைப் பார்த்துத்தான் கற்றேன்.

அடுத்தது செய்முறை. உருவம் ரெசினில் வார்த்துத் துண்டு துண்டாக வரும்: தலை, உடல், கைகள், துப்பாக்கி. அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகத் தடவிய எண்ணெய்ப் பிசுக்கு அதன் மேல் இருக்கும். அதைப் போக்காமல் எந்த வண்ணமும் ஒட்டாது. அதனால் முதல் வேலை, சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு துண்டையும் கழுவுவது. நடுகல்லுக்கும் இந்தப் படி உண்டு, நீர்ப்படை என்று. கல்லை நீராட்டாமல் நட மாட்டார்கள். ஒவ்வொரு முறை கழுவும்போதும் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வரும்.

கழுவிய பிறகு, அச்சு இரண்டும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். அதைக் கத்தியின் விளிம்பால் சுரண்டி எமரி தாளால் தேய்க்க வேண்டும். தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், முகக்கவசம் கட்டாயம். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கையையும் உடலையும் ஒட்டும் இடத்தில் சந்து விழும். அங்கே பட்டிக் கலவை வைத்து அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, பிரைமர் அடிக்க வேண்டும்.

பட்டி, எமரி, பிரைமர் என்று நான் சொல்லும்போது பின்வரிசையில் சிலர் தலையாட்டுகிறீர்கள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களாக இருக்கும். என் அப்பாவும் அப்படி ஒரு பட்டறையில் பெயிண்டர். நான் இந்தக் கலையைக் கற்ற முதல் பள்ளிக்கூடம் அதுதான். பள்ளி விடுமுறையில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். பழைய வண்டி ஒன்று பட்டறைக்குள் வந்தால், பெயிண்டைத் தொடும் முன் அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். "இந்தத் துரு எங்கேயிருந்து வந்துச்சு, சொல்லு" என்று என்னைக் கேட்பார். ஆணித்தலையைச் சுற்றி வந்த துரு வேறு. கதவின் அடி விளிம்பில் தண்ணீர் தேங்கி வந்த துரு வேறு. கயிறு உராய்ந்து பெயிண்ட் போன இடத்தில் வந்தது வேறு. ஆணித்தலையில் தொடங்கிய துரு மழைநீரோடு கோடாகக் கீழே இறங்கும், ஒருபோதும் மேலே ஏறாது. டிரைவர் கை வைக்கும் இடத்தில் பெயிண்ட் தேய்ந்து பளபளக்கும். அப்பாவால் ஒரு வண்டியைப் பார்த்தே அது கல் ஏற்றியதா, மூட்டை ஏற்றியதா என்று சொல்ல முடிந்தது.

இந்தக் கலையில் இருப்பவர்கள் வெதரிங் என்று சொல்வது இதைத்தான். வெயிலும் மழையும் உழைப்பும் ஒரு பொருளின் மேல் எழுதிவிட்டுப் போவதை, நாம் தூரிகையால் மறுபடி எழுதுவது. கறை அழகுக்காக வைப்பதில்லை. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணம் தெரியாத கறையை நான் வைப்பதில்லை.

இந்தச் சிப்பாயின் கோட்டைப் பாருங்கள். முதலில் அக்ரிலிக் வண்ணத்தில் காக்கி அடித்தேன். அது நன்றாகக் காய்ந்த பிறகு, கரும்பழுப்பு ஆயில் பெயிண்ட்டைக் கரைப்பானில் தேநீர் நிறத்துக்கு நீர்க்க வைத்து மேலே ஓடவிட்டேன். இதற்கு வாஷ் என்று பெயர். அடியில் இருக்கும் அக்ரிலிக் இந்தக் கரைப்பானில் அவ்வளவு எளிதில் கரையாது, அதனால் தைரியமாக ஓடவிடலாம். நீர்த்த வண்ணம் மேட்டில் நிற்காது, மடிப்புகளுக்குள் போய்த் தங்கும். மழைநீர் உங்கள் வயல் வரப்பில் எப்படி ஓடுமோ அப்படித்தான். அடுத்து, வெளிர் நிறத்தைத் தூரிகையில் தொட்டு, அதைத் துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் படும்படி லேசாக இழுத்தேன். தோள்பட்டை, மடிப்பு முனை, பொத்தான் ஓரம் ஆகியவை வெளுத்தன. துணி வெளுப்பது அங்கேதானே?

அதன் பிறகுதான் சேறு. பதுங்குகுழியில் நிற்பவனுக்குச் சேறு கீழிருந்து வரும். பூட்ஸும் காலில் சுற்றிய பட்டியும் நனைந்து கறுத்திருக்கும். அதற்கு மேலே கோட்டின் கீழ் விளிம்பு. கம்பளி தண்ணீரை உறிஞ்சும், அதனால் ஈரம் விளிம்பிலிருந்து ஒரு சாண் மேலே ஏறியிருக்கும். ஈரம் ஏறிய எல்லை நேர்கோடாக இருக்காது, அலையாக இருக்கும். நேற்றைய சேறு காய்ந்து வெளுத்திருக்கும், இன்றைய சேறு அதன் மேல் ஈரமாகப் பளபளக்கும். அதனால் சேற்றை இரண்டு தடவையாக வைக்க வேண்டும். முதல் தடவை பளபளப்பில்லாமல், வெளிறிய நிறத்தில். அது காய்ந்த பின் அடர்ந்த நிறத்தில் வார்னிஷ் கலந்து இரண்டாம் தடவை. முதுகு, மண்சுவரில் சாய்ந்த இடத்தில் மட்டும் அழுக்காகும். முழங்கைகள் மண்மேட்டில் ஊன்றி அழுக்காகும். தோளின் மேற்பகுதி மழையில் கழுவப்பட்டு ஓரளவு சுத்தமாக இருக்கும்.

துப்பாக்கியை மட்டும் உற்றுப் பாருங்கள். கட்டை முழுவதும் சேறாக இருக்கிறது, ஆனால் குண்டு ஏறும் இயக்கப் பகுதியில் ஒரு பழந்துணி சுற்றியிருக்கிறது. அங்கே சேறு புகுந்தால் துப்பாக்கி அடைத்துக்கொள்ளும். தன் உடம்பெல்லாம் நனைந்தாலும் அந்த ஒரு சாண் இடத்தை அவர் உலர்வாக வைத்திருக்கிறார். சுத்தமாக விட்ட இந்த இடம்தான் சேறு பூசிய இடங்களைவிட அதிகம் பேசுகிறது. எங்கே அழுக்கு இல்லை என்று தெரிந்திருப்பது வெதரிங்கில் பாதி வேலை.

சேறு செய்வது எப்படி என்று பிள்ளைகள் கேட்பீர்கள். நிஜ மண்ணை எடுத்து வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை சலிக்க வேண்டும். ஏன் இவ்வளவு நைசாக? கணக்கு போட்டுப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் மணல் ஒன்று இந்த உருவத்தின் பூட்ஸில் ஒட்டினால், நிஜ அளவில் அது 8 மில்லிமீட்டர் கூழாங்கல். கூழாங்கல் ஒட்டிய பூட்ஸோடு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சலித்த மண்ணோடு வெள்ளைப் பசை, கொஞ்சம் வண்ணம், துளி தண்ணீர் சேர்த்துத் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்து, பழைய தூரிகையால் தட்டித் தட்டி வைக்க வேண்டும்.

இங்கே ஒரு தவறை உங்களிடம் சொல்ல வேண்டும். இந்தக் காட்சியை நான் முதன்முதலில் செய்தபோது உங்கள் மலையின் மண்ணைத்தான் பயன்படுத்தினேன். சோளக்காடு ஊருக்கு வந்திருந்தபோது சாலையோரம் அள்ளிய ஒரு பை செம்மண். சலித்தபோது மஞ்சள் கலந்த சிவப்பில் அவ்வளவு அழகாக இருந்தது. நான்கு மாத உழைப்பு. முடித்ததும், படையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி: "இது எந்த ஊர் மண்ணுப்பா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. துருவைப் பார்த்து அப்பா கேட்ட அதே கேள்வி. பொத்தான் எத்தனை என்று எண்ணினேன், தொப்பி எப்படி வளையும் என்று படம் பார்த்தேன், அவர் நின்ற மண்ணை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அதன் பிறகுதான் அந்த நிலத்தைப் படித்தேன். பிரான்சின் வடகோடியில் நவ் ஷப்பேல், ஃபெஸ்டுபேர் ஊர்களைச் சுற்றிய தாழ்ந்த வயல்வெளி. பிசுபிசுப்பான களிமண். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறிவிடும். ஆழமாக வெட்ட வழியில்லாததால், தரைக்கு மேலே மணல் மூட்டைகளை அடுக்கி மார்புச்சுவர் எழுப்பினார்கள். என் முதல் காட்சியில் பதுங்குகுழி ஆள் உயரத்துக்கும் மேலே ஆழமாக இருந்தது. அதுவும் தவறு. அந்தக் காட்சி முழுவதையும் உடைத்துவிட்டேன்.

இப்போது நீங்கள் பார்ப்பது இரண்டாவது முறை செய்தது. மூட்டைகளை எபாக்சி புட்டியில் ஒவ்வொன்றாகச் செய்தேன். ஈரமாக இருக்கும்போதே துணியை அழுத்தி எடுத்தால் சாக்கின் இழை பதியும். கொத்தனார் செங்கல் அடுக்குவது போல மூட்டு மேல் மூட்டு வராமல் அடுக்கினேன். அடி வரிசை மூட்டைகள் மேல் பாரத்தில் பிதுங்கி நிற்கின்றன. அவற்றில்தான் ஈரமும் பாசியும் அதிகம்.

பதுங்குகுழி நேராகப் போகாமல் மடங்கி மடங்கிப் போவதையும் பாருங்கள். நேராக வெட்டினால் ஒரு முனையில் விழுந்த குண்டு நெடுக எல்லாரையும் கொல்லும், உள்ளே புகுந்த ஒருவனே நெடுகச் சுட்டுவிடுவான். மடக்குகள் இருந்தால் சேதம் ஒரு பகுதியோடு நிற்கும். 70 வளைவு ஏறி இறங்கும் உங்களுக்கு, வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாத அந்த நொடி நன்றாகத் தெரியும். 1915 மார்ச் 10 காலை நவ் ஷப்பேலில், கட்வால் படையின் கபர் சிங் நேகி அப்படி ஒவ்வொரு மடக்கிலும் முதல் ஆளாகத் திரும்பி எதிரியைப் பின்வாங்கச் செய்தார். அந்தச் சண்டையிலேயே இறந்தார். விக்டோரியா சிலுவை விருது அவர் இறந்த பிறகு அறிவிக்கப்பட்டது. அவருடைய ஊர்ப்பக்கம், கட்வாலின் சம்பாவில், இன்றும் ஆண்டுதோறும் அவர் பெயரில் விழா எடுக்கிறார்கள். செம்மேட்டில் நீங்கள் ஆடி மாதம், இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு எடுப்பதைப் போல.

நவ் ஷப்பேலில் இந்தியப் படையினருக்கு ஒரு நினைவகம் உண்டு. 1927 அக்டோபர் 7 அன்று திறக்கப்பட்டது. கல்லறை தெரியாமல் போன 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களை அதன் வட்டச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். அங்கேயும் கல்லில் பெயர்தான். இந்த ஆசை மனிதர்களுக்கெல்லாம் பொது.

நம்மவர்கள் எங்கே என்று கேட்பீர்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையின் கதை 1780இல் தொடங்குகிறது. அதன் வீரர்களை இன்றும் படையில் 'தம்பி' என்றுதான் செல்லமாக அழைக்கிறார்கள். முள்கம்பி வேலியைத் தகர்க்கும் 'பெங்களூர் டார்பிடோ' என்ற வெடிகுழாயை 1912இல் உருவாக்கியது அந்தப் படையின் அதிகாரி மக்ளின்டாக். காஞ்சிபுரம் பக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம் அந்தப் படையைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், கண்ணிவெடி அகற்றும் பணியின்போது வெடிக்கப்போன கண்ணியின் மேல் தன் உடலைப் போட்டு உடனிருந்தவர்களைக் காத்தார். ஜார்ஜ் சிலுவை விருது பெற்றவர். அடுத்து நான் செய்ய நினைப்பது ஒரு தம்பியின் உருவம்.

அதற்கு உங்கள் உதவி வேண்டும், பிள்ளைகளே. இந்த மலையிலும் அடிவாரத்திலும் படையில் இருந்து திரும்பிய பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்காதீர்கள். பையை எந்தத் தோளில் மாட்டினீர்கள் தாத்தா, பூட்ஸ் முதலில் எங்கே கிழிந்தது, தண்ணீர்க் குடுவையின் பெயிண்ட் எந்தப் பக்கம் தேய்ந்தது என்று கேளுங்கள். நோட்டில் எழுதி வையுங்கள். பனியில் நின்ற கால் இன்னும் வலிக்கிறதா என்றும் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். கல்லில் எழுதியவர்கள் அன்று கேட்டிராவிட்டால் கோவிவன் என்ற பெயர் நமக்குக் கிடைத்திருக்காது.

ரெசினும் விலை உயர்ந்த வண்ணமும் இல்லாவிட்டால் பரவாயில்லை. களிமண்ணில் பிசையுங்கள். இங்கே நிற்கும் ஓரி சிலையிலிருந்தே தொடங்கலாம். அடுத்த மழை நாளில் அதன் எதிரே நின்று, தண்ணீர் எந்த வழியாக வழிகிறது, எங்கே தேங்குகிறது, வெயில் வந்ததும் எது முதலில் காய்கிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் அப்படிப் பார்த்தவருக்கு வெதரிங்கின் முதல் பாடம் முடிந்தது.

இரத்தம் ஏன் இல்லை என்று ஒரு பையன் உள்ளே நுழையும்போதே கேட்டான். காயத்தைக் காட்டுவது எளிது, சிவப்பு வண்ணம் ஒரு துளி போதும். ஆனால் பார்ப்பவர் கண் அங்கேயே நின்றுவிடும், மனிதரைப் பார்க்காது. இவர் எத்தனை இரவு தூங்கவில்லை என்பதை நான் கண்ணுக்குக் கீழே நீலம் கலந்த பழுப்பில் ஒரு மெல்லிய கோடாக வைத்திருக்கிறேன். அது போதும் என்று நினைக்கிறேன்.

இப்போது இந்தப் பெட்டியை உங்களிடம் தருகிறேன். பூதக்கண்ணாடியும் இருக்கிறது. வரிசையாக வந்து பாருங்கள். எல்லாரும் முகத்தைத்தான் முதலில் பார்ப்பீர்கள், அது இயல்பு. அதன் பிறகு இடது முழங்காலைப் பாருங்கள். கோட்டின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் கறை, இன்னும் ஈரமாக இருக்கிறது. வலது முழங்காலில் அது இல்லை. சற்றுமுன் ஒற்றை முழங்காலை ஊன்றி யாரிடமோ குனிந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் மூட்டைச் சுவரில் இன்னொரு துப்பாக்கி சாய்ந்திருக்கிறது. அதிலும் துணி சுற்றியிருக்கிறது. சுற்றிய ஆள் இல்லை.

அந்த மண் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லுங்கள்.